அருள்மலர் அள்ளிய சாம்பல்

நீங்கள் கடைசியாக எப்போது குனிந்தீர்கள்?

கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டதைக் கேட்கவில்லை. வேலை இடத்தில் மேலாளரைக் கண்டதும் வளைந்த வளைவையும் கேட்கவில்லை. பொது இடத்தில், உங்களுடையது அல்லாத ஒரு குப்பையை, ஒருவரும் சம்பளம் தராமல், நாலு பேர் பார்க்கக் குனிந்து எடுத்தது எப்போது? யோசியுங்கள். நினைவுக்கு வர நேரமெடுக்கும். அதற்குள் அருள்மலரின் கதையைச் சொல்லிவிடலாம்.

அருள்மலர் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடியில் குடியிருந்தாள். எண்பத்தெட்டில் அகதியாக வந்து இறங்கியதும் அங்கேதான். அவளோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக மார்க்கம், அஜக்ஸ் என்று புறநகர்களில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அவள் அதே கட்டிடத்தில், அதே கரப்பான்களோடு தங்கிவிட்டாள். கணவன் இராசதுரை மட்டக்களப்புப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டான். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய தகப்பன் இலங்கையில் ரயில்வேயில் இருந்தவர். திருகோணமலை, மாகோ, வவுனியா என்று மாற்றம் வந்த இடமெல்லாம் குடும்பமும் போனது. ஆகவே ‘ஊரில எவடம்?’ என்று யாரும் கேட்டால் அருள்மலருக்கு ஸ்ரேசன் ஸ்ரேசனாகத்தான் பதில் சொல்ல முடியும்.

முதல் சில வருடம் மாலை வேளைகளில் டவுன்ரவுனில் அலுவலகக் கட்டிடங்களைத் துப்புரவு செய்தாள். முதுகு பிடித்துக்கொண்டது. டொக்டர் குனிய வேண்டாம் என்றார். அதன்பிறகுதான் இடியப்ப உரலைக் கையில் எடுத்தாள். இடியப்பம், சொதி, சம்பல், ஆட்டிறைச்சி றோல்ஸ். ஒரு வீட்டுக்குக் கொடுத்தது நாலு வீட்டுக்குத் தெரிந்து, ரொறன்ரோவின் பாதித் தமிழ்ப் பிறந்தநாள்களுக்கு அவளுடைய கையால்தான் இடியப்பம் போயிற்று. இராசதுரை பழைய வானில் கொண்டுபோய்க் கொடுப்பான். கீழ் மாடியில் இருந்த மக்டலீன், கரையோரத்துப் பெண், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவள், வந்து மாப் பிசைந்து உதவுவாள். அருள்மலர் யாருக்கும் கைகட்டி நிற்காமல் வாழ்ந்த காலம் அது. அந்த உரல்தான் அவளுடைய முதலாளி.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆகஸ்டில், ‘கலட்டிப்புலம் மக்கள் ஒன்றியம் – கனடா’ தனது கோடைகால ஒன்றுகூடலுக்கு அவளிடம் சாப்பாடு கேட்டது.

கலட்டிப்புலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஊரில் அப்போது ஒரு மனிதரும் இல்லை. யுத்தம் எல்லோரையும் துரத்திவிட்டிருந்தது. வீடுகளுக்குக் கூரை இல்லை, வேலிகளுக்கு ஊன்றிய கதியால் தடிகள் இல்லை. ஆனால் எந்த ஒழுங்கையில் எந்த ஆக்கள், அதாவது எந்தச் சாதி, இருந்தார்கள் என்ற வரைபடம் மட்டும் ஒரு கீறலும் படாமல் கடல் கடந்து வந்து, ரொறன்ரோவில் ஒவ்வொரு தொலைபேசிக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தது. குண்டு விழுந்து வீடு போயிற்று, கோயில் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. அந்த வரைபடத்தின்மேல் விழ ஒரு குண்டுக்கும் மனம் வரவில்லை.

ஒன்றியத்தின் தலைவர் பொன்னம்பலம். மார்க்கத்தில் புதுவீடு. வீட்டுக்கு முன்னால் புல்தரை. அந்தப் புல்லில் பக்கத்து வீட்டு நாய் மூச்சு விட்டாலும் அவருக்குப் பொறுக்காது. சனிக்கிழமைகளில் கத்தரிக்கோலோடு முழங்காலில் நின்று மஞ்சள் பூக்களைக் களைவார். விருந்தாளிகள் செருப்போடு கால் வைத்தால், “தம்பி, சீமெந்தில நடவுங்கோ” என்பார்.

ஒன்றுகூடல் நடந்தது அஜக்ஸுக்கும் அங்கால், ஏரியோரமாக ஒரு காட்டுப் பூங்காவில். சீடர் மரங்கள், நீளப் புல்வெளி, மர மேசைகள், ஏரி வாத்துகள். பூங்காக்காரர் கரி போட்டுச் சுட இரும்புக் கால்களில் இரும்பு அடுப்புகள் நட்டு வைத்திருந்தார்கள். ஆனால் அவை வாகனத் தரிப்பிடத்தை அண்டி இருந்தன. அவ்வளவு தூரம் கோழியைத் தூக்கிக்கொண்டு நடப்பதா? அந்த வருடம் புதிதாக ஒரு சாமான் கடைகளில் மலிந்திருந்தது. மெல்லிய அலுமினியத் தட்டு. உள்ளே எண்ணெயில் ஊறிய கரி. மேலே ஒரு கம்பி வலை. பற்றவைத்துச் சுட்டுத் தின்று எறிந்துவிடலாம். ஒருநாள் அடுப்பு. ஒன்றியத்தின் செயலாளர் இரத்தினவேல் அதைப் பெட்டி பெட்டியாக இறக்கி, “வீட்டுக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு” என்று தேர்தல் காலத்து எம்.பி. மாதிரி விநியோகித்தார்.

ஒவ்வொரு குடும்பமும் தன் தட்டைப் புல்லின்மேல் வைத்தது. சிலர் மர மேசைமேல் வைத்தார்கள். அருள்மலர் மசாலை தடவிக் கொண்டுவந்த கோழி எல்லாத் தட்டுகளிலும் பொரிந்தது. தட்டுக்குக் கீழே புல்லும் பொரிந்தது.

“அண்ணை, அதைக் கல்லுக்கு மேல வைக்கலாமே. கீழ எரியுது,” என்றாள் அருள்மலர் ஒருவரிடம்.

“புல்லுத்தானே தங்கச்சி, முளைக்கும்,” என்றார் அவர். மார்க்கத்துப் புல் வேறு, மற்றவன் புல் வேறு.

மைக்கில் பொன்னம்பலம் பேசினார். கனடா நாடு நமக்குத் தந்த மடி என்றார். இந்த மண்ணைத் தாயாகப் போற்றுவோம் என்றார். தாயின் நெஞ்சில் அப்போது முப்பது நாற்பது இடத்தில் சூடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பொன்னாடைகள். தலைவர் செயலாளருக்குப் போர்த்தினார், செயலாளர் பொருளாளருக்குப் போர்த்தினார், பொருளாளர் தலைவருக்குப் போர்த்தினார். எல்லோருக்கும் வேர்த்தது.

பின்னேரம் ஆனதும் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பொன்னம்பலம் காரில் ஏறுமுன் தன் தட்டின்மேல் இரண்டு கைப்பிடி மண்ணைத் தூவி, “அணைஞ்சிட்டுது” என்று அறிவித்தார். ஊரில் அவருடைய தாயார் ஒவ்வொரு இரவும் தணலைச் சாம்பலால் மூடிவைத்ததே விடியும்வரை அது அணையாமல் இருப்பதற்காகத்தான். அது அவருக்குத் தெரியாது. அடுப்படிக் குசினிக்குள் போயிருந்தால் அல்லவா தெரியும்!

பானைகளைச் சேர்த்துக்கொண்டு கடைசியாக நின்றவர்கள் அருள்மலரும் இராசதுரையும் மக்டலீனும். வெளியைத் திரும்பிப் பார்த்தாள் அருள்மலர். புல்வெளி முழுக்கக் கறுப்புச் சதுரங்கள். வாத்துகள் கோழி எலும்பை விழுங்கப் பார்த்துத் திக்குமுக்காடின. காற்றில் காகிதக் கோப்பைகள் ஏரியை நோக்கி உருண்டன. யாரோ ஒரு துப்புரவான மனிதர் மட்டும் தன் தட்டைக் குப்பைப் பீப்பாய்க்குள் போட்டிருந்தார். தணலோடு. பீப்பாய் புகைந்து, குபீரென்று பிடித்தது. அதன் தலைக்கு மேலேயே காய்ந்த சீடர்க் கிளை.

“தண்ணி! தண்ணி எங்க?” என்று கத்தினான் இராசதுரை.

கொண்டுவந்த தண்ணீர் முடிந்திருந்தது, ஏரிக்கு ஓடி அள்ளிவர நேரம் இல்லை. அருள்மலர் கண்ணில் பட்டது மோர்ப் பானை. மிஞ்சிய மோர் அரைவாசிக்கு மேல். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் மக்டலீனும் பானையைத் தூக்கிச் சரித்தார்கள். பீப்பாய் சீறியது. வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்த வாசம் ஏரிக்கரை எங்கும் பரவியது. மோர் தெறித்து இரண்டு பேரும் வெள்ளையடித்த சுவர் போல நின்றார்கள்.

அந்த நேரத்தில் பூங்காவின் அதிகாரி, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், ஜீப்பில் வந்து இறங்கினாள். பீப்பாயைப் பார்த்தாள், வெளியைப் பார்த்தாள், அருள்மலரைப் பார்த்தாள். ஜீப்பிலிருந்து இரண்டு வாளியும் ஒரு கட்டுக் குப்பைப் பையும் எடுத்துக் கொடுத்தாள். தானும் குனிந்தாள். ஒவ்வொரு தட்டிலும் ஏரித் தண்ணீரை ஊற்றி, தடியால் கிளறி, திரும்ப ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த சாம்பலைப் பையில் அள்ளினார்கள். பொன்னம்பலம் ‘அணைத்த’ தட்டு மண்ணுக்குள் சிவப்பாக விழித்துக்கொண்டிருந்தது. டொக்டர் குனிய வேண்டாம் என்ற முதுகு அன்று வெயில் சாயும்வரை குனிந்தது.

குடையை மறந்து விட்டுப்போன பொன்னம்பலத்தின் மனைவி இராசமணி காரில் திரும்பி வந்தது அப்போதுதான். கண்ணாடியை இறக்கினாள். பையும் கையுமாக, கரியும் மோருமாக நின்ற அருள்மலரைப் பார்த்தாள். குடையை எடுக்கக் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடி ஏறியது.

அடுத்த வாரம் தொலைபேசி அடித்தது.

“பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை இடியப்பம் வேண்டாம். வாறவை வரேல்லை எண்டுட்டினம்.”

மறுநாள் இன்னொன்று. “தங்கச்சி, எங்கட வீட்டில இப்ப சைவம்.”

“இடியப்பம் சைவம்தானே அக்கா?”

“அது… கடும் சைவம்.”

மூன்றாவது வீட்டில் டொக்டர் மாச்சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். நாலாவது வீட்டில் பிறந்தநாளையே தள்ளிப்போட்டுவிட்டார்களாம். பிள்ளை அந்த வருடம் வளரப்போவதில்லை போலும். செப்டெம்பர் முடிய உரல் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

“நான் ஏதும் பழுதாப் போட்டனோ? உப்புக் கூடிட்டுதோ?” என்று மக்டலீனிடம் கேட்டாள் அருள்மலர்.

மக்டலீன் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றாள். “அக்கா, உங்களுக்கு ஒண்டும் தெரியாதோ? உங்களை லண்டன், பாரிஸ், சுவிஸ் முழுக்க விசாரிச்சு முடிச்சிட்டினம். கொழும்பில வெள்ளவத்தை லொட்ஜ் ஒண்டுக்கும் ரெலிபோன் கோல் போயிருக்கு.”

“என்னத்தை விசாரிக்க?”

“நீங்கள் என்ன ஆக்கள் எண்டு. மற்றவன்ரை எச்சில் தட்டை, கேக்காமலே, கூச்சமில்லாமல் பொறுக்கினியளாம். பழக்கமில்லாதவைக்கு உப்பிடிக் கை வருமோ எண்டு இராசமணி அன்ரி கேட்டவவாம். உங்கட அப்பா ரயில்வேயில என்ன வேலை செய்தவர் எண்டு பாரிஸில ஒரு கூட்டமே நடந்ததாம். ஒருத்தருக்கும் பிடிபடேல்லை. பிடிபடாட்டி குறைஞ்ச ஆக்கள்தான் எண்டு முடிவு கட்டிட்டினம்.”

“நீயும்தானே பொறுக்கினனீ? உன்னை ஏன் விசாரிக்கேல்லை?”

“நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி அக்கா. எங்கட பேரை எழுத வேற கொப்பி வைச்சிருக்கினம்.”

நெருப்பு வைத்தவன் யாரென்று உலகத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை. அணைத்தவளைத்தான் மூன்று கண்டத்தில் விசாரித்திருக்கிறார்கள்.

அடுத்தது பொன்னம்பலமே பேசினார். குரலில் தேன்.

“தங்கச்சி, சனம் வாய்க்கு வந்ததைக் கதைக்குது. எனக்கு உதில எல்லாம் நம்பிக்கை இல்லை. நான் முற்போக்கான ஆள். நீர் உம்மட தாய்மாமன்ரை பேரையும் ஊரையும் மட்டும் சொல்லும். நான் ரெண்டு இடத்துக்கு எடுத்துச் சொன்னால் எல்லாம் சரி.”

“நம்பிக்கை இல்லாத உங்களுக்கு மாமன்ரை பேர் என்னத்துக்கு அண்ணை?”

“உம்மட நன்மைக்குத்தான்.”

“உங்கட தட்டை நான்தான் எடுத்தனான். மண்ணுக்குள்ள நல்லா எரிஞ்சுகொண்டு இருந்தது. அதுக்கு எந்த மாமன்ரை பேரைச் சொல்லவேணும்?”

தேன் வற்றிவிட்டது. தொலைபேசியும் வைக்கப்பட்டது.

கதவோரம் நின்று கேட்ட இராசதுரை பொறுமையிழந்தான். “இஞ்ச பாரு புள்ள, சொல்லிப்போட்டு முடிச்சுவிடன். ஒரு பேருதானே. இடியப்ப ஓடர் எல்லாம் திரும்பி வரும்.”

“வரும். அதுதான் பயம்.”

“பயமா?”

“நான் சொன்னால், ‘ஓ, நீங்கள் எங்கட ஆக்களோ, மன்னியுங்கோ’ எண்டு கொண்டு வருவினம். அப்ப நான் அந்த ஆக்கள் இல்லையெண்டு நிரூபிச்சவள் ஆயிடுவன். அந்த ஆக்கள் என்ன பாவம் செய்தவை? நாளைக்கு இன்னொருத்தி குனிஞ்சால் அவளிட்டையும் மாமன்ரை பேரைக் கேப்பினம். நான் சொல்லமாட்டன்.”

அவள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இதை வாசிக்கும் நீங்களும் உள்ளுக்குள் ‘அப்படியென்றால் அவள் என்னதான்?’ என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

பேசாமல் இருந்தால் பசிக்காமல் விடுமா? அந்தக் குளிர்காலம் அருள்மலர் முதுகுக்குப் பட்டி கட்டிக்கொண்டு மறுபடி டவுன்ரவுன் துப்புரவு வேலைக்குப் போனாள். முதல் நாளே இருபதாம் மாடியில், கழிவறை கழுவும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர் எதிரே வந்தார். நீலச் சட்டை, கையில் மஞ்சள் கையுறை. இரத்தினவேல். ஒன்றியத்தின் செயலாளர். பகலில் தோள்பையோடு காப்புறுதி விற்பவர். அவளைக் கண்டதும் வண்டிலை விட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். தூண் மெல்லியது. அவருடைய தொந்தி வெளியே தெரிந்தது.

“அண்ணை, சுகமே?” என்று தூணைக் கேட்டாள் அருள்மலர். தூண் இருமியது.

அந்த நகரத்தில் மணித்தியாலச் சம்பளத்துக்குக் கக்கூஸ் கழுவாத தமிழ் வீடு குறைவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உழைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். வெள்ளைக்காரன் காசு தந்தால் அதற்குச் சாதி கிடையாது. சீருடை போட்டால் சாதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, நல்ல மனதோடு, இனாமாகக் குனிந்தால் மட்டும் அது எங்கிருந்தோ ஓடிவந்து முதுகில் ஏறிக்கொள்கிறது. விசித்திரமான மிருகம்.

வசந்தம் வந்தது. ஒன்றியத்துக்கு அது பத்தாவது ஆண்டு. லண்டனிலிருந்து பிரதம விருந்தினருக்கு விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. பூங்காவுக்கு அனுமதி கேட்கப் போன இரத்தினவேல் முகம் தொங்கித் திரும்பினார். போன வருடம் எரித்த புல்வெளியின் படங்களை மேசையில் பரப்பி வைத்து, முடியாது என்றுவிட்டார்களாம். மற்றப் பூங்காக்களில் கோடை முழுக்க இடமில்லை. பொன்னம்பலம் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு தானே போனார். தொப்பி போட்ட அதே அதிகாரி அவர் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாளாம். வெள்ளையாக ஏதோ தோய்ந்து நின்று நெருப்பை அணைத்த பெண்மணி எங்கே? அவளுடைய பெயரில் கேட்டால், அவள் அன்று முழுதும் பொறுப்பாக நின்றால், தருகிறேன். வேறு யாருக்கும் இல்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் பார்க்டேல் அடுக்குமாடிக்கு ரை கட்டிய நாலு பேர் வந்தார்கள். எலிவேற்றர் வேலை செய்யவில்லை. படியேறி, மூச்சு வாங்கி, கதவைத் தட்டினார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், உபதலைவர்.

“வாங்கோ, இருங்கோ,” என்றாள் அருள்மலர். கதிரைகள் போதவில்லை. தலைவரும் பொருளாளரும் கட்டிலில் இருந்தார்கள்.

பொன்னம்பலம் விஷயத்தைச் சுற்றிச் சுற்றிச் சொன்னார். சமூகம், ஒற்றுமை, அடுத்த தலைமுறை. கடைசியில் சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்து, பேனையையும் திறந்து வைத்தார்.

“உதிலை ஒரு கையெழுத்து, தங்கச்சி.”

“வைக்கலாம். முதல் தேத்தண்ணி குடிப்பம்.”

அவள் குசினிக்குப் போனாள். இடியப்ப உரலை அலமாரிக்கு மேலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரில் தொங்கிய கலண்டரைப் படித்தார்கள். அது போன வருடத்துக் கலண்டர். மக்டலீன் கதவு நிலையில் சாய்ந்து நின்று, காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவள் போல ரசித்துக்கொண்டிருந்தாள்.

தேநீர் வந்தது. நாலு கப். பின்னாலே ஆவி பறக்க இடியப்பமும் சம்பலும். மேசையில் வைத்துவிட்டு அருள்மலர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கப்புகள் அப்படியே இருந்தன.

ஊரில் இதற்கு ஒரு நூதனமான வழக்கம் உண்டு. தாங்கள் கீழே என்று நினைக்கும் வீட்டுக்குப் போனால் வாய் இனிக்கப் பேசுவார்கள், ஆனால் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். தொடாமல் விட்டால் அந்த வீட்டுக்குப் புரிந்துவிடும். ஒரு சொல் பேசாமல் மனிதனைச் செருப்பால் அடிக்கும் வித்தை. அந்த வித்தையில் தேர்ந்த நாலு பேர் இன்று ஒரு கையெழுத்துக்காக வந்து அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்.

“எனக்குச் சலரோகம்,” என்றார் உபதலைவர்.

“சீனி போடேல்லை அண்ணை.”

“எனக்குப் பால் ஒத்துவராது,” என்றார் பொருளாளர்.

“பிளேன் ரீதான். வடிவாப் பாருங்கோ.”

“நாங்கள் இப்பதான் வீட்டில குடிச்சிட்டு…” என்று தொடங்கினார் பொன்னம்பலம்.

“மார்க்கத்தில குடிச்சது பார்க்டேல் வரேக்கை செமிச்சிருக்கும்,” என்றாள் மக்டலீன்.

அருள்மலர் இரத்தினவேல் பக்கம் திரும்பினாள். “செயலாளர் அண்ணை, நீங்களாவது எடுங்கோவன். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்டிடத்தில, ஒரே மாடியில, ஒரே கக்கூசை…”

இரத்தினவேல் பாய்ந்து கப்பை எடுத்தார். கொதிக்கக் கொதிக்க ஒரே இழுவை. கண்ணில் தண்ணீர் வந்தது. “அருமை, அருமை,” என்றார். உபதலைவர் அவரைப் பார்த்தார். பிறகு சலரோகம் குணமாயிற்று. பொருளாளருக்கும் குணமாயிற்று. பொன்னம்பலம் மட்டும் கப்பையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருபக்கம் முப்பாட்டன் காலத்து மானம். மறுபக்கம் லண்டன் விருந்தினர், மைக், பொன்னாடை. முப்பாட்டன் தோற்றார். கப்பின் விளிம்பு உதட்டில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் இடியப்பத்தில் கை வைத்த பிறகு அவருக்குக் கண்ணை மூடத் தேவைப்படவில்லை. இரண்டாம் தரம் சம்பல் கேட்டார்.

“இப்ப கையெழுத்து,” என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு.

“இப்ப என்ரை கதை,” என்றாள் அருள்மலர். “உந்த ஒருநாள் அடுப்பு ஒண்டுகூட அந்த வெளிக்குள்ள வரக்கூடாது. பூங்காக்காரன் நட்டு வைச்ச இரும்பு அடுப்பில சுடுங்கோ, நடந்து போங்கோ. முடிஞ்ச பிறகு தண்ணி ஊத்திக் கிளறி, புறங்கையால தொட்டுப் பாத்துத்தான் விடவேணும். மண் போட்டு மூடுற வேலை வேண்டாம்.”

“ஓம், ஓம். அதுக்கு ரெண்டு பேரைப் பிடிச்சு விடுவம்,” என்றார் பொன்னம்பலம்.

“ஆரையும் பிடிக்க வேண்டாம். கொடியேத்திறது நிர்வாக சபை. பொன்னாடை போர்க்கிறது நிர்வாக சபை. பையைத் தூக்கிக் குப்பை பொறுக்கிறதும் நிர்வாக சபை. நீங்கள் முன்னுக்கு.”

“நானோ? சனத்துக்கு முன்னாலையோ?”

“இல்லாட்டி உங்கட மார்க்கத்து வீட்டுப் புல்லில ஒன்றுகூடலை வையுங்கோ. வீட்டுக்கு ஒரு தட்டு.”

பொன்னம்பலத்தின் கண்முன் தன் புல்தரையும் அதில் நாற்பது கறுப்புச் சதுரங்களும் தோன்றியிருக்க வேண்டும். நெஞ்சைத் தடவிக்கொண்டார். “சரி,” என்றார் மெல்ல. அதன்பிறகுதான் அருள்மலர் பேனையைத் தொட்டாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒன்றுகூடலில் பழைய சதுரங்களில் புல் முழுதாக முளைத்திருக்கவில்லை. மேசைகளில் கருகிய தழும்பு அப்படியே இருந்தது. ‘முளைக்கும்’ என்று சொன்னவர் அதைச் சுற்றி நடந்தார். பின்னேரம் பொன்னம்பலம் மைக்கை வைத்துவிட்டுக் குப்பைப் பையை எடுத்தார். பொன்னாடை தோளிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்ததால் அதைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார். முதல் கோப்பைக்குக் குனியத்தான் நேரமெடுத்தது. அதன்பிறகு மார்க்கத்துச் சனிக்கிழமைப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. ஒரு போத்தல் மூடியைக்கூட விடவில்லை. ஆச்சரியப்பட்டவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில பிள்ளைகள் தாங்களாகவே பை கேட்டு வந்தார்கள். தொப்பி போட்ட அதிகாரி அருள்மலரிடம் வந்து, இந்த வருடம் அந்த வெள்ளைப் பானம் குடிக்கத் தருவாயா என்று கேட்டாள். மோர் கொடுத்தாள். பச்சை மிளகாய் கடிபட்டு அதிகாரி பட்ட பாடு தனிக்கதை.

உலகம் திருந்திவிட்டதா? இல்லை. அருள்மலருக்குப் பழைய ஓடரில் அரைவாசிதான் திரும்பி வந்தது. அதற்கே துப்புரவு வேலையை விட முடிந்தது, உரல் அலமாரிக்கு மேலே திரும்ப ஏறவில்லை. மற்ற அரைவாசி இன்னமும் கடும் சைவம்.

ஒன்றுகூடல் முடிந்து இரண்டு வாரத்தில் அருள்மலர் மாப் பிசைந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. பாரிஸ். முன்பின் தெரியாத ஒரு அம்மா.

“தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. உங்கட ஒன்றியத் தலைவர் பொன்னம்பலம் இருக்கிறாரெல்லே, அவர் சனத்துக்கு முன்னால குப்பை பொறுக்கினவராம். படம் தபாலில இஞ்சையும் வந்திட்டுது. எங்கட பக்கத்தில ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டு இருக்கினம், அதுதான். அவரின்ரை தாய்வழி ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமே? அவை என்ன ஆக்கள்?”

அருள்மலர் மா ஒட்டிய கையால் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். நினைத்திருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு வருடக் கணக்கைத் தீர்த்திருக்கலாம். ‘தெரியாது’ என்று ஒரு இழுவை இழுத்திருந்தாலே போதும். மிச்சத்தைப் பாரிஸ் பார்த்துக்கொள்ளும்.

“தெரியும் அக்கா,” என்றாள். “நெருப்பை அணைச்சுப்போட்டு வீட்டுக்குப் போற ஆக்கள். நல்ல ஆக்கள்.”

தொலைபேசியை வைத்துவிட்டு உரலைப் பிழிந்தாள்.

இனி உங்கள் முறை. இந்தக் கோடையில் காட்டுக்கோ ஏரிக்கரைக்கோ போவீர்கள். அந்த அலுமினியத் தட்டைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எங்கே நெருப்பு மூட்டினாலும் தண்ணீரை ஊற்றுங்கள், கிளறுங்கள், திரும்ப ஊற்றுங்கள், புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கொண்டுபோனதைக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் வேறொருவர் போட்டது கிடந்தால், நாலு பேர் பார்க்கக் குனிந்து அதையும் எடுங்கள். பிறகு ஒருநாள் உங்கள் தொலைபேசி அடித்து, குனிந்தவரைக் காட்டி ‘அவர் என்ன ஆக்கள்?’ என்று யாராவது கேட்டால், அருள்மலர் சொன்ன பதிலைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வையுங்கள்.